உந்துவிசைக் கோடு

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

கிணற்று மேட்டில் மோட்டாரையும் பம்பையும் பொருத்துகிறவர் முதலில் செய்யும் வேலை என்ன? இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான். கப்ளிங்கின் மேல் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்ப்பார். பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இடைவெளி தென்பட்டால் மோட்டாரின் காலுக்கடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுவார். அந்தத் தகட்டிற்குச் 'சிம்' என்று பெயர். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அந்தச் சிம் தகடு ஓர் ஆகாய விமானத்தை நேராகப் பறக்க வைக்கிறது என்றால் நம்புவீர்களா? முதலில் நானும் நம்பவில்லை. எப்படி நம்பினேன் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் விஷயத்திற்கு வருவோம்.

வீட்டில் பிறக்கும் விமானங்கள்

ஆகாய விமானம் என்றதும் பெரிய தொழிற்சாலைகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மேல்நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், தங்கள் வீட்டுக் கார்க் கொட்டகையிலேயே சிறு விமானங்களைக் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர், ஃபோர்டு 'மாடல் ஏ' காரின் இஞ்சினைப் பொருத்தி, மரச்சட்டங்களால் ஆன இரண்டு பேர் அமரும் விமானம் ஒன்றை 1929-இல் பறக்கவிட்டார். 'ஏர் கேம்ப்பர்' என்னும் அந்த விமானத்தின் வரைபடங்கள் 1932-இல் அச்சில் வெளிவந்தன. அவற்றைப் பார்த்து இன்றும் பலர் அதே விமானத்தைக் கட்டுகின்றனர். இத்தகையோருக்காக 1953-இல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் தொடங்கிய சங்கம் இன்று உலகெங்கும் கிளை பரப்பி நிற்கிறது. நம் நாட்டிலும் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டை மாடியில் உருவாக்கிய விமானத்திற்கு 2017-இல் அரசின் பதிவு கிடைத்தது.

தொழிற்சாலை விமானத்தில் இஞ்சினை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதைப் பொறியாளர்கள் முன்னரே தீர்மானித்து, அதற்கேற்ற அச்சில் வார்த்துவிடுகிறார்கள். வீட்டில் கட்டுகிறவருக்கோ அந்தப் பொறுப்பு அவர் தலையிலேயே விழுகிறது. வரைபடத்தில் ஓர் இஞ்சின் இருக்கும். அவர் கையில் வேறோர் இஞ்சின் இருக்கும். அங்கேதான் உந்துவிசைக் கோடு என்னும் கேள்வி எழுகிறது.

கோடு என்றால் என்ன?

புரொப்பெல்லர் சுழலும்போது காற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்வினையாக விமானம் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. இவ்விசையே உந்துவிசை. அது புரொப்பெல்லரின் அச்சு வழியே செயல்படுவதாகக் கொள்ளலாம். அந்த அச்சை முன்னும் பின்னும் நீட்டினால் கிடைக்கும் கற்பனைக் கோடே உந்துவிசைக் கோடு ஆகும்.

இந்தக் கோடு விமானத்தின் ஈர்ப்பு மையத்தின் வழியே சென்றால் தொல்லை இல்லை. மேலாகவோ கீழாகவோ சென்றால் திருப்புத்திறன் தோன்றுகிறது. திருப்புத்திறன் என்பது விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்கக் கிடைப்பது என்று நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை இங்கே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறு விமானத்தின் புரொப்பெல்லர் 150 கிலோகிராம் விசையுடன் இழுக்கிறது எனக் கொள்வோம். கோடு ஈர்ப்பு மையத்திற்கு 10 செ.மீ. மேலே செல்கிறது. திருப்புத்திறன் 150 × 0.10 = 15 கிலோகிராம்-மீட்டர். இது மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். வால் இறகு ஈர்ப்பு மையத்திலிருந்து 4 மீட்டர் பின்னால் இருந்தால், அது 3.75 கிலோகிராம் விசையால் கீழ்நோக்கி அழுத்தினால் சமன்படும். இது பெரிய தொல்லை அன்று. ஆனால் நீரிலும் இறங்கும் சிறு விமானங்களில், தண்ணீர் தெறிக்காமல் இருக்க இஞ்சினை இறக்கைக்கு மேலே தூணின் மீது வைப்பார்கள். வோல்மர் ஜென்சன் வடிவமைத்து 1958-இல் பறந்த 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்னும் விமானம் அத்தகையது. அப்படிப்பட்ட அமைப்பில் கோடு 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதே 150 கிலோகிராம் விசைக்குத் திருப்புத்திறன் 90 கிலோகிராம்-மீட்டர். வாலில் தேவைப்படும் விசை 22.5 கிலோகிராம்!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாலை இந்த அளவிற்குச் சரிசெய்து வைத்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். போதாது. ஏனெனில் உந்துவிசை எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. விமானி இஞ்சினைக் குறைத்தால் உந்துவிசையின் திருப்புத்திறன் மறைகிறது; வாலின் திருப்புத்திறனோ உடனே மறைவதில்லை. கோடு மிக உயரத்தில் இருக்கும் விமானத்தில் இஞ்சின் திடீரென நின்றால் மூக்கு மேலே எழும், வேகம் குறையும், இறக்கை தன் தாங்கும் சக்தியை இழக்கும். இதையே 'ஸ்டால்' என்கிறார்கள். கோடு தாழ்ந்திருக்கும் விமானத்தில் இதற்கு நேர்மாறு: முழு விசை கொடுத்தால் மூக்கு எழும், இஞ்சின் நின்றால் மூக்கு தானே தாழ்ந்து வேகத்தைக் காக்கும். ஆகவே இஞ்சின் நிற்கும் நேரத்தில் தாழ்ந்த கோடே நன்மை பயக்கிறது. ஆனால் தரையிறங்க வந்தவர் மனம் மாறி மீண்டும் மேலெழ முழு விசை கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் அதுவே ஆபத்தாகலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் காண்பதே வடிவமைப்பாளரின் வேலை.

மூக்கைச் சற்றே குனிய வைத்தல்

அந்தச் சமரசத்தின் பெயர் கீழ்நோக்குச் சாய்வு. இஞ்சினை ஒன்று முதல் மூன்று டிகிரி வரை முன்பக்கம் தாழ்ந்திருக்குமாறு பொருத்துகிறார்கள். இரண்டு டிகிரியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். புரொப்பெல்லர் ஈர்ப்பு மையத்திற்கு 1.5 மீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு டிகிரியின் டேன் மதிப்பு ஏறத்தாழ 0.035. எனவே கோடு ஈர்ப்பு மையத்தைக் கடக்கும் இடத்தில் 5.2 செ.மீ. உயர்கிறது. 150 கிலோகிராம் விசைக்கு ஏறத்தாழ 7.8 கிலோகிராம்-மீட்டர் அளவுக்கு மூக்கைத் தாழ்த்தும் திருப்புத்திறன் கிடைக்கிறது. விசையைக் கூட்டும்போது இதுவும் கூடுகிறது. குறைக்கும்போது இதுவும் குறைகிறது. விமானியின் கையை எதிர்பாராமல் தானே நடக்கும் திருத்தம் இது.

சாய்த்து வைத்ததால் உந்துவிசை வீணாகாதா? இரண்டு டிகிரியின் கோசைன் 0.9994. இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொடுப்பது சிறிது, பெறுவது பெரிது.

வலமா, இடமா?

இனி பக்கவாட்டுக்கு வருவோம். விமானி இருக்கையிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் புரொப்பெல்லர் உள்ள விமானம், புறப்படும் வேளையில் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, புரொப்பெல்லர் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை. திருகாணியின் மறை போல உடலைச் சுற்றிக்கொண்டு சென்று செங்குத்து வாலின் இடப்புறத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் செல்கிறது. இரண்டாவது, மூக்கு உயர்ந்திருக்கும்போது கீழிறங்கும் வலப்பக்க அலகு காற்றை அதிகக் கோணத்தில் வெட்டுகிறது. எனவே வலப்பக்கத்தில் இழுப்பு மிகுந்து மூக்கை இடப்புறம் திருப்புகிறது. மூன்றாவது, இஞ்சின் புரொப்பெல்லரை வலஞ்சுழியாகத் திருப்ப, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி விமானம் இடஞ்சுழியாகச் சாயப் பார்க்கிறது. தரையில் இடச் சக்கரத்தின் மேல் பாரம் கூடுகிறது.

சுக்கானை வலக்காலால் மிதித்து விமானி இதைச் சமாளிக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் ஒரே காலால் மிதித்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகவே இஞ்சினை ஒன்றிரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்பிப் பொருத்துகிறார்கள். எல்லா விமானத்திற்கும் வலப்பக்கம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய 'டைகர் மாத்' விமானத்தின் ஜிப்ஸி இஞ்சின் எதிர்த் திசையில் சுழல்வது. அது வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். எனவே இஞ்சினை மாற்றுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எந்தப் பக்கம் சுழல்கிறது?' என்பதே. அதைக் கேளாமல் பழைய தாங்கியிலேயே எதிர்த் திசை இஞ்சினைப் பொருத்தினால், திருத்தம் பிழையோடு சேர்ந்து பிழையை இரட்டிப்பாக்கும்.

நூலும் குண்டும் ரசமட்டமும்

இவ்வளவு நுட்பமான கோணத்தை வீட்டுக் கொட்டகையில் எப்படி அளப்பது? இங்கேதான் எனக்கு வியப்பு ஏற்பட்டது. கொத்தனாரும் தச்சரும் வைத்திருக்கும் கருவிகளே போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. புரொப்பெல்லரைக் கையால் திருப்புமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். விமான இஞ்சினில் உள்ள மேக்னெட்டோவிற்கு மின்கலம் தேவையில்லை. சாவியை அணைத்திருந்தாலும், அதனைத் தரையிணைக்கும் கம்பி அறுந்திருந்தால் இஞ்சின் உயிர் பெற்றுக் கையையே வெட்டிவிடும்.

விமானத்தின் மேல் நீள்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மட்டம் பார்த்து முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு இஞ்சினைத் தாங்கும் சுவரின் நடுவிலிருந்தும், வால் கம்பத்தின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தரையில் சுண்ணாம்பு நூல் அடிக்க வேண்டும். அதுவே நடுக்கோடு. புரொப்பெல்லரின் நடுவிலிருந்து விடும் குண்டும் அந்தக் கோட்டின்மேல் விழ வேண்டும். இஞ்சினைப் பக்கவாட்டில் திருப்பும்போது புரொப்பெல்லரின் நடு விலகிவிடாதிருக்க, இஞ்சினின் பின்பகுதியைச் சற்று எதிர்ப்பக்கம் தள்ளித் தாங்கியை அமைப்பது வழக்கம்.

கீழ்நோக்குச் சாய்வை, புரொப்பெல்லர் பொருந்தும் வட்டத் தகட்டின் முகத்தில் கோணமானியை வைத்து நேரடியாக அளந்துவிடலாம். பக்கச் சாய்வை அளக்கும் முறை இன்னும் அழகானது. புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் ஓர் அலகின் நுனியிலிருந்து வால் கம்பத்தின் நடுவரை உள்ள தொலைவை நீட்டாத கம்பியாலோ நாடாவாலோ அளக்க வேண்டும். பின்னர் புரொப்பெல்லரை அரைச்சுற்றுத் திருப்பி, அதே அலகின் நுனியை மறுபக்கம் கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அலகுகளையும் அளக்காமல் ஒரே அலகை இருமுறை அளப்பது ஏன்? இரண்டு அலகுகளும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அந்த வேறுபாடு நம் கணக்கில் கலந்துவிடும் அல்லவா? ஆய்வுக்கூடத்தில் நாம் வெர்னியரின் சுழிப்பிழை பார்ப்பது போன்றதே இதுவும்.

இரு தொலைவுகளும் சமமானால் பக்கச் சாய்வு இல்லை. 180 செ.மீ. விட்டமுள்ள புரொப்பெல்லர், வால் கம்பத்திலிருந்து 5 மீட்டர் தொலைவில் இருந்தால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.1 செ.மீ. வேறுபாடு வரும், இரண்டு டிகிரிக்கு 6.2 செ.மீ. வலச்சாய்வில் வலப்பக்கத் தொலைவு குறைவாக இருக்கும். பள்ளி அளவுகோலாலேயே அளக்கக்கூடிய வேறுபாடு! ஆனால் புரொப்பெல்லரின் நடு 1 செ.மீ. விலகியிருந்தால் அதனாலேயே மூன்றரை மி.மீ. வேறுபாடு வந்துவிடும். எனவேதான் நடுக்கோட்டை முதலில் சரிபார்க்க வேண்டும் என்பது.

கோணம் பிசகியிருந்தால் மருந்து அதே சிம் தகடுதான். தாங்கியின் போல்ட்டுகளுக்கிடையே 25 செ.மீ. இருந்தால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4.4 மி.மீ. கனம் வேண்டும். மேல் போல்ட்டுகளில் செருகினால் மூக்கு தாழும். இடப்பக்கப் போல்ட்டுகளில் செருகினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். இன்னொன்று: அதிர்வைத் தாங்குவதற்காக இஞ்சினுக்கும் தாங்கிக்கும் நடுவே ரப்பர் வைத்திருப்பார்கள். நாளடைவில் ரப்பர் அமுங்க, இஞ்சினின் மூக்கு தானே தொங்கும். அதனால் இஞ்சினின் முழு எடையும் ஏறிய பிறகே அளக்க வேண்டும்; ஆண்டுக்கொரு முறை மீண்டும் அளக்க வேண்டும்.

உயிர் குடித்த இடைவெளி

இதெல்லாம் வசதிக்காகச் செய்யும் நுணுக்கங்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஜைரோபிளேன் என்னும் சிறு ஊர்தியின் கதை அதற்குச் சான்று. அதற்கு இறக்கை இல்லை; தலைக்கு மேல் தானே காற்றில் சுழலும் சுழலி ஒன்று உண்டு; இஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்து தள்ளும். பெரிய புரொப்பெல்லர் வைக்க விரும்பியவர்கள் இஞ்சினை உயர்த்தினார்கள். உந்துவிசைக் கோடு ஈர்ப்பு மையத்திற்கு மேலே ஏறியது. சாதாரண நிலையில் மேலிருக்கும் சுழலியின் விசை அதைச் சமன்செய்துவிடும். ஆனால் காற்றின் ஓர் அலைக்கழிப்பிலோ, விமானி கைப்பிடியைச் சட்டென முன்னே தள்ளும்போதோ சுழலியின் விசை ஒரு கணம் குறைகிறது. அப்போது உயரத்திலிருந்து தள்ளும் இஞ்சினைத் தடுக்க எதுவும் இல்லை. ஊர்தி முன்னோக்கிக் குட்டிக்கரணம் அடிக்கிறது. சுழலியின் வேகமும் போய்விடுகிறது. பின்னர் மீட்சி இல்லை. இப்படிப் பலர் மாண்டனர்.

பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 1990-களிலிருந்து செய்த ஆய்வுகள், ஈர்ப்பு மையத்திற்கும் உந்துவிசைக் கோட்டிற்கும் இடையே உள்ள இடைவெளியே ஜைரோபிளேனின் நிலைப்பாட்டை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்று காட்டின. அந்த இடைவெளி மேலோ கீழோ 2 அங்குலத்திற்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே அளவுகோலாயிற்று. இரண்டு அங்குலம் என்பது நம் கட்டை விரலின் நீளம்தான். ஒரு மனித உயிர் அந்த அளவில் தொங்குகிறது.

ஈர்ப்பு மையத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாளும் முறையைக் கேட்டால் நீங்கள் புன்னகைப்பீர்கள். ஊர்தியை ஒரு புள்ளியில் தொங்கவிட்டு, தூக்குக்குண்டின் நூல் செல்லும் வழியைக் குறிப்பார்கள். வேறொரு புள்ளியில் தொங்கவிட்டு மீண்டும் குறிப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே ஈர்ப்பு மையம். உயர்நிலைப் பள்ளியில் ஒழுங்கற்ற அட்டைத் துண்டைக் குண்டூசியில் தொங்கவிட்டு நாம் செய்த அதே சோதனை! அன்று பத்து மதிப்பெண்ணுக்காகச் செய்தோம். அங்கே உயிருக்காகச் செய்கிறார்கள்.

எங்கள் தெர்மோகோல் விமானம்

இனி நான் நம்பிய கதை. சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக நானும் நண்பர்கள் மூவரும் தெர்மோகோலால் ஒரு மாதிரி விமானம் செய்தோம். சிறு மின்மோட்டாரும் பேட்டரியும் வாங்கப் பணம் திரட்டுவதே பெரும்பாடாயிற்று. விடுமுறையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் பறக்கவிட்டோம். முழு விசை கொடுத்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குத்தாக ஏறியது, நின்றது, தலைகீழாக விழுந்தது. ஒட்டினோம்; மீண்டும் விழுந்தது. மூக்கில் களிமண் வைத்தோம்; விசை கொடுக்கையில் ஏறியது, விசையைக் குறைத்தால் கல்லைப்போல் இறங்கியது. மூன்றாம் முறை இறக்கை ஒடிந்தது. இயற்பியல் எனக்கு வராது போலும் என்று மனம் சோர்ந்து, உடைந்த விமானத்தைத் திண்ணையில் போட்டுவிட்டேன்.

மாலையில் வேலை முடிந்து வந்த அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்கண்ணு, வேகம் குடுத்தா மட்டுந்தான் மூக்கைத் தூக்குதா?" என்று கேட்டார். "ஆமாங்கப்பா" என்றேன். "அப்ப மண்ணை வெச்சு என்ன பண்றது? மோட்டாரைக் கொஞ்சம் குனிய வையி" என்று சொல்லி, தம் பையிலிருந்து இரண்டு சிறு வாசர்களை எடுத்து, மோட்டாரின் மேல் இரண்டு திருகுகளுக்கு அடியில் கொடுத்து முறுக்கினார்.

இறக்கையை ஒட்டி, மறுநாள் விட்டோம். பறந்தது. விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் மூக்கு அடங்கியே இருந்தது. பின்பு அளந்து பார்த்தேன். வாசரின் கனம் 1 மி.மீ.; திருகுகளின் இடைவெளி 25 மி.மீ. கோணம் 2.3 டிகிரி. எங்கள் பேராசிரியரிடம் காட்டியபோது, "இதற்குத்தானப்பா உனக்குத் திருப்புத்திறன் நடத்தினேன்" என்று சிரித்தார். அன்றுதான் இந்தப் பொருள் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அப்பாவுக்கு டேன் மதிப்பு தெரியாது. 'விசை கொடுத்தால் மட்டும் வரும் பிழையை, விசை வரும் இடத்திலேயே திருத்து' என்னும் விதி அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சூத்திரம் தெரிந்திருந்தது. அதை எங்கே வைப்பது என்பது தெரியவில்லை. கைவேலைக்கும் ஏட்டுக் கல்விக்கும் இடையே ஒரு கப்ளிங் இருக்கிறது. அது நேராக இல்லாவிட்டால் இரண்டும் தேய்ந்து போகும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சூத்திரத்தை எழுதும்போது, நண்பர்களே, இதை யார் எங்கே கையால் செய்துகொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார்.